சாவி உள்ளே, நாம் வெளியே: வாசகர் கேள்வி பதில்

ஆடிக் காற்று தொடங்கியதிலிருந்து கதவு சம்பந்தமான கடிதங்களாகவே வந்துகொண்டிருக்கின்றன. அதனால் இந்த இதழில் குழாய், சுவர் ஈரம் எல்லாவற்றையும் தள்ளிவைத்துவிட்டுப் பூட்டிய கதவை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். எல்லாருக்கும் பொதுவாக முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். கதவு திறக்கவில்லை என்றதும் கை சுத்தியலைத் தேடிப் போகிறது. அதற்கு முன் ஒரு நிமிடம் நின்று, உள்ளே யாராவது இருக்கிறார்களா, அடுப்பு எரிகிறதா, இது என்ன பூட்டு, கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று பாருங்கள். முதல் இரண்டுக்கும் 'இல்லை' என்று பதில் வந்தால் அவசரமே கிடையாது, கதவு முழுசாகப் பிழைத்துவிடும்.

கேள்வி: வணக்கம் சார். எங்கள் ஃபிளாட்டின் மெயின் டோரில் நைட் லாட்ச் இருக்கிறது. போன வாரம் குப்பை வண்டி சத்தம் கேட்டு வெளியே ஓடினேன், காற்றில் கதவு அடித்துச் சாத்திக்கொண்டது. சாவி உள்ளே, போன் உள்ளே, அடுப்பில் பால் வேறு. கடைசியில் பக்கத்து வீட்டு அண்ணாதான் உதைத்துத் திறந்தார், நிலை பிளந்துவிட்டது. உடைக்காமல் திறந்திருக்க முடியுமா? (வாசகி, வேளச்சேரி)

பதில்: உங்கள் பக்கத்து வீட்டு அண்ணா செய்தது சரிதான். அடுப்பில் பால் இருக்கும்போது பூட்டை ஆராய நேரம் கிடையாது. பால் பொங்கி வழிந்தால் தீ அணைந்துவிடும், கேஸ் மட்டும் வந்துகொண்டே இருக்கும். நம் வீட்டு அடுப்புகளில் பெரும்பாலானவற்றில் தீ அணைந்தால் கேஸைத் தானாக நிறுத்துகிற வசதி இல்லை. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தரையாகத் தேங்கும், அதனால் கதவுக்குக் கீழே குனிந்து முகர்ந்தால்தான் வாசனை சரியாகத் தெரியும். அப்படி வாசனை வந்தால் காலிங் பெல்லை அழுத்தவே கூடாது, உள்ளே யாரையாவது எழுப்ப வேண்டியிருந்தாலும் கையால்தான் தட்ட வேண்டும், ஏனென்றால் ஸ்விட்சில் வருகிற சின்னப் பொறி போதும். சிலிண்டர் வெளிப் பால்கனியில் கை எட்டுகிற இடத்தில் இருந்தால் ரெகுலேட்டரை மூடுங்கள். கேஸ் கசிவுக்கென்றே 1906 என்ற எண் இருக்கிறது, தீயணைப்புக்கு 101. கதவருகே நின்று பேசாமல் நாலு படி இறங்கிப் போய்ப் பேசுங்கள்.

சரி, அடுப்பும் எரியவில்லை, உள்ளே யாரும் இல்லை, வெறுமனே சாத்திக்கொண்ட கதவு என்றால் கதை வேறு. நைட் லாட்ச் என்பது கதவின் உட்பக்கம் பொருத்திய ஒரு பெட்டி, அதிலிருந்து ஸ்பிரிங் வைத்த ஒரு நாக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்த நாக்கின் ஒரு பக்கம் சரிவாகச் சீவியிருக்கும், சாத்தும்போது அந்தச் சரிவு நிலையில் உள்ள கூட்டில் மோதி நாக்கு உள்ளே போய், அப்புறம் வெளியே வந்து மாட்டிக்கொள்ளும். நம் ஊர் ஃபிளாட்களில் மெயின் டோர் பெரும்பாலும் வீட்டுக்குள்தான் திறக்கும், அப்படியென்றால் அந்தச் சரிவு வராந்தாவில் நிற்கிற உங்கள் பக்கம்தான் இருக்கிறது. வளைகிற, ஆனால் மடிந்துபோகாத ஒரு பிளாஸ்டிக் துண்டைக் கதவுக்கும் நிலைக்கும் நடுவே விட்டு அந்தச் சரிவை அழுத்தினால் நாக்கு பின்வாங்கும். பழைய எக்ஸ்ரே ஃபிலிம் இதற்கு நல்ல பொருள், அது இல்லையென்றால் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் பக்கவாட்டிலிருந்து வெட்டிய பட்டையான துண்டு. ஏடிஎம் கார்டு வேண்டாம், நிலையின் உள்விளிம்பைச் சுற்றி வளைய அதற்கு மென்மை போதாது, கார்டு உடைந்ததுதான் மிச்சமாகும். துண்டை லாட்சுக்கு ஒரு சாண் மேலே நுழைத்து அழுத்திக் கீழே இழுத்துக்கொண்டே வாருங்கள், இன்னொரு கையால் கதவைப் பிடித்து உள்ளும் வெளியும் லேசாக ஆட்டிக்கொண்டே இருங்கள். இழுத்துப் பிடிக்கும்போதுதான் நாக்கு தளரும், தள்ளும்போதுதான் இடுக்கு கிடைக்கும், அதனால் இரண்டும் வேண்டும்.

போகும்போது சாவியை இரண்டாவது சுற்றும் திருப்பிப் பூட்டியிருந்தால் இது நடக்காது. நாக்குக்குப் பக்கத்தில் ஒரு குட்டி முனை இருக்கும் லாட்ச்களிலும் நடக்காது, சாத்தியதும் அந்த முனை அழுந்தி நாக்கைப் பின்வாங்க விடாமல் பிடித்துக்கொள்ளும், திருட்டைத் தடுக்கத்தான் அந்த ஏற்பாடு. பத்து நிமிடத்தில் அசையவில்லையென்றால் விட்டுவிட்டுச் சாவிக்காரரைக் கூப்பிடுங்கள். ஒருவேளை இரண்டே நிமிடத்தில் திறந்துவிட்டால் சந்தோஷப்பட வேண்டாம், அந்த லாட்சை அந்த வாரமே மாற்றிவிடுங்கள், உங்களுக்குத் திறந்தது யாருக்கும் திறக்கும்.

உடைத்தே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால் தோளால் மோதாதீர்கள், தோள்பட்டைதான் இறங்கும். பூட்டுக்குப் பக்கத்தில் உள்ளங்காலால் உதைக்க வேண்டும், கதவின் நடுவில் உதைத்தால் பலகைதான் பிளக்கும். பூட்டுப் பக்கம் உதைத்தால் நிலையில் உள்ள கூடு திருகோடு பிடுங்கிக்கொண்டு வரும், அந்த இடத்தில் மட்டும் ஒரு மரத் துண்டை வைத்து ஒட்டிக் கொடுக்கக் கார்பென்டரால் முடியும். உங்கள் நிலையையும் முழுசாக மாற்றத் தேவையிருக்காது, மாற்றச் சொன்னால் இன்னொருவரிடமும் காட்டுங்கள்.

இனிமேல் நடக்காமல் இருக்க, பெரும்பாலான நைட் லாட்ச்களில் உட்பக்கம் ஒரு சின்னப் பித்தான் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். குமிழைத் திருப்பி நாக்கை உள்ளே இழுத்து, அந்தப் பித்தானைத் தள்ளிவிட்டால் நாக்கு உள்ளேயே நிற்கும், கதவு எத்தனை தடவை அடித்தாலும் பூட்டிக்கொள்ளாது. பால் எடுக்க, குப்பை போட, மாடியில் துணி காயப்போடப் போகும்போதெல்லாம் இதைச் செய்யுங்கள்.

கேள்வி: எங்கள் மூன்று வயதுக் குழந்தை பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திப் பித்தானை அழுத்திவிட்டாள். அவளுக்கும் திறக்கத் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை. அரை மணி நேரம் உயிரே போய்விட்டது. இதற்கு என்ன வழி? (வாசகர், அம்பத்தூர்)

பதில்: படித்ததும் எனக்கே பதறியது. முதல் வேலை, ஒருவர் கதவுக்கு வெளியே உட்கார்ந்து குழந்தையோடு பேசிக்கொண்டே இருக்க வேண்டும், கத்தக் கூடாது. பெரியவர்கள் கத்தினால் குழந்தை பயந்து அழும், ஓடும், ஈரத் தரையில் வழுக்கும். கீசர் ஸ்விட்ச் வெளியே இருந்தால் அணைத்துவிடுங்கள். உள்ளே வாளியிலோ டப்பிலோ தண்ணீர் நிரம்பியிருக்கிறது என்று தெரிந்தாலோ, குழந்தையின் சத்தம் திடீரென்று நின்றாலோ, கீழே நான் சொல்லப் போகிற எதையும் முயலாமல் உதைத்துத் திறந்துவிடுங்கள். இந்த வயதுக் குழந்தைக்கு ஒரு வாளித் தண்ணீரே ஆபத்து.

குழந்தை பேசிக்கொண்டிருக்கிறது, பத்திரமாக இருக்கிறது என்றால், உருண்டைக் கைப்பிடிப் பூட்டைத் திறப்பது சுலபம். வெளிப்பக்கக் குமிழின் நடுவில் உற்றுப் பாருங்கள், ஒரு சின்னத் துளையோ அல்லது ஒரு கோடு மாதிரி வெட்டோ இருக்கும். இந்த அவசரத்துக்காகவே வைத்திருக்கிறார்கள், பல வீடுகளில் யாரும் கவனித்ததே இல்லை. துளையாக இருந்தால் ஹேர்பின்னையோ பேப்பர் கிளிப்பையோ நிமிர்த்தி நேராக உள்ளே குத்துங்கள், ஏதோ தட்டுப்படும், அதை அழுத்தினால் உள்ளே பித்தான் டக்கென்று வெளியே வரும். வெட்டாக இருந்தால் ஒரு நாணயத்தின் விளிம்பை வைத்துத் திருப்பினால் போதும். இன்றைக்கே வீட்டில் எல்லாரும் ஒரு தடவை இதைச் செய்து பாருங்கள், அந்தக் கம்பியைக் கதவு நிலைக்கு மேலே டேப் போட்டு ஒட்டி வையுங்கள்.

உருண்டைப் பூட்டு இல்லாமல் டவர் போல்ட் தாழ்ப்பாளாக இருந்தால் கொஞ்சம் கஷ்டம். பாத்ரூம்களில் அலுமினியத் தாழ்ப்பாள் போட்டிருந்தால் அதன் தண்டு மிருதுவானது, கதவுக்கும் நிலைக்கும் இடையே ஆக்சா பிளேடு மட்டும் நுழைகிற அளவு இடுக்கு இருந்தால் அறுத்துவிடலாம். பிவிசி கதவு என்றால் அதுகூட வேண்டாம், குட்டித் திருகுகள்தான் தாழ்ப்பாளைப் பிடித்திருக்கும், தாழ்ப்பாளின் உயரத்தில் ஓங்கித் தள்ளினால் பெயர்ந்து வரும், ஆனால் குழந்தையைக் கதவைவிட்டு எட்ட நிற்கச் சொல்லிவிட்டுத் தள்ளுங்கள். வென்டிலேட்டரில் கண்ணாடிப் பட்டைகள் அடுக்கியிருந்தால் ஓரத்தில் உள்ள அலுமினிய மடிப்பை நிமிர்த்தி ஒவ்வொன்றாக உருவி எடுக்கலாம், ஒரு குச்சியை விட்டுத் தாழ்ப்பாளைத் தட்டவும் அந்த வழி உதவும். இதற்கெல்லாம் கை நடுங்குகிறது என்றால் 101-ஐ அழையுங்கள். அவர்கள் தீயணைப்பு மட்டும் இல்லை, தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை, சின்ன விஷயத்துக்குக் கூப்பிடுகிறோமோ என்று தயங்கவே வேண்டாம்.

குழந்தை கொஞ்சம் வளரும்வரை பாத்ரூம் கதவின் மேல்விளிம்பில் ஒரு தடித்த டவலை மடித்துப் போட்டு வையுங்கள், கதவு முழுசாகச் சாத்தாது, பூட்டவும் முடியாது.

கேள்வி: சாவி பூட்டுக்குள்ளேயே உடைந்துவிட்டது. ஃபெவிக்விக் போட்டு ஒட்டி இழுக்கலாம் என்று வீடியோவில் பார்த்தேன். செய்யலாமா? (வாசகர், கொளத்தூர்)

பதில்: செய்யாதீர்கள். பசை பூட்டுக்குள் வழிந்தால் சாவித் துண்டோடு பூட்டும் போய்விடும். சாவி நுழையும்போது எந்த நிலையில் இருக்குமோ அந்த நிலைக்குத் துவாரம் திரும்பியிருந்தால்தான் துண்டு வெளியே வரும், பாதி திரும்பிய நிலையில் உடைந்திருந்தால் மெல்லிய ஸ்க்ரூடிரைவரால் முதலில் அதை நேராக்குங்கள். அப்புறம் சொட்டு எண்ணெய் விட்டு, மெல்லிய ட்வீசரால் வெளியே தெரிகிற முனையைப் பிடியுங்கள். ட்வீசர் பிடிக்கவில்லையென்றால் மரம் அறுக்கிற மெல்லிய ரம்பப் பிளேடைச் சாவியின் பல் பக்கமாக நுழைத்து, பற்கள் வெளிப்பக்கம் பார்க்கும்படி மாட்டி இழுங்கள். உள்ளே தள்ளிவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும். உடைந்த துண்டு இரண்டையும் பத்திரப்படுத்துங்கள், சேர்த்து வைத்து அதே அளவில் புதுச் சாவி வெட்டித் தருவார்கள்.

கேள்வி: நான் பெங்களூரில் வேலை பார்க்கிறேன். அம்மாவுக்கு 74 வயது, மேற்கு மாம்பலத்தில் தனியாக இருக்கிறார். மாற்றுச் சாவி எதிர் வீட்டு மாமியிடம் இருக்கிறது. போன மாதம் ஒரு நாள் காலையில் அம்மா போனை எடுக்கவில்லை, மாமி சாவியோடு போனார், ஆனால் கதவைத் திறக்க முடியவில்லை. நல்லவேளை, அம்மா தூங்கிக்கொண்டுதான் இருந்தார். சாவி இருந்தும் ஏன் திறக்கவில்லை? (வாசகி)

பதில்: இந்த இதழிலேயே முக்கியமான கடிதம் இதுதான். பெற்றோர் சென்னையில், பிள்ளைகள் வேறு ஊரில் என்றிருக்கிற எல்லாரும் இதைப் படிக்க வேண்டும்.

உங்கள் அம்மா ராத்திரி என்னென்ன போடுகிறார் என்று கேட்டுப் பாருங்கள். நைட் லாட்ச், மேலே ஒரு டவர் போல்ட், கீழே ஒன்று, சங்கிலி, அதற்கும் வெளியே கிரில் கேட், கிரில்லுக்கு உட்பக்கமாகத் தொங்கு பூட்டு. தனியாக இருக்கிற பயத்தில் செய்கிறார், அதில் தப்பே இல்லை. ஆனால் மாமியிடம் உள்ள சாவி இதில் ஒரே ஒன்றைத்தான் திறக்கும். தாழ்ப்பாள் போட்ட கதவுக்கு உலகத்தில் எந்தச் சாவியும் கிடையாது.

இன்னொன்று, சாவியை உட்பக்கத் துவாரத்திலேயே விட்டுவைக்கிற பழக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு பக்கமும் சாவி போடுகிற சிலிண்டர் பூட்டுகள் பலவற்றில் உள்ளே சாவி இருந்தால் வெளியிலிருந்து இன்னொரு சாவி வேலை செய்யாது. உள்ளே சாவி இருந்தாலும் வெளியே திறக்கிற மாதிரி சிலிண்டர் கிடைக்கிறது, கடையில் அவசரத்துக்கு வெளியிலிருந்து திறக்க முடிகிற சிலிண்டர் என்று விளக்கிச் சொல்லிக் கேளுங்கள். பூட்டு முழுவதையும் மாற்ற வேண்டாம், பொருந்துகிற அளவில் சிலிண்டரை மட்டும் மாற்றினால் போதும்.

நான் சொல்வது இதுதான். பாதுகாப்பைக் குறைக்காமல் எண்ணிக்கையைக் குறையுங்கள். நல்ல பூட்டு ஒன்று, வெளியிலிருந்தும் சாவியால் திறக்கக்கூடியதாக, பலகையோடும் நிலையோடும் நீளத் திருகு போட்டு இறுக்கியதாக இருக்கட்டும். மேல் கீழ் தாழ்ப்பாள்களை எடுத்துவிடச் சொல்லுங்கள். 'அதைப் போடாவிட்டால் தூக்கம் வராது' என்று அம்மா சொன்னால் வற்புறுத்தி எடுக்காதீர்கள், கதவில் வெளியாளைப் பார்க்கும் லென்ஸ் ஒன்றும், மாமி வீட்டில் அடிக்கிற ஒரு பெல்லும் வைத்துக்கொடுத்து, சில வாரம் கழித்துத் திரும்பக் கேளுங்கள். கிரில் கேட் சாவி கிரில்லுக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில், வெளியிலிருந்து கைவிட்டால் எட்டாத தூரத்தில், எப்போதும் அதே இடத்தில் தொங்க வேண்டும். ராத்திரி தீ பிடித்தால் புகையில் சாவியைத் தேட நேரம் இருக்காது, கிரில்லுக்கு உள்ளேயே மாட்டிக்கொள்வது திருட்டைவிடப் பெரிய ஆபத்து.

அப்புறம் பாத்ரூம். பெரியவர்கள் விழுவது அங்கேதான் அதிகம். கதவு உள்பக்கம் திறப்பதாக இருந்து, விழுந்தவர் கதவையொட்டிக் கிடந்தால் தாழ்ப்பாள் திறந்தாலும் கதவைத் தள்ள முடியாது, தள்ளினால் அவருக்கு அடிபடும். முடிந்தால் கார்பென்டரை வைத்து அந்தக் கதவை வெளிப்பக்கம் திறப்பதாகத் திருப்பி மாட்டிவிடுங்கள், ஒரு நாள் வேலை. தாழ்ப்பாளுக்குப் பதில், மேலே அம்பத்தூர்காரருக்குச் சொன்ன, நாணயத்தால் வெளியிலிருந்து திறக்கிற பூட்டைப் போடுங்கள்.

இதையெல்லாம் செய்தும் ஒரு நாள் அம்மா பதில் தரவில்லை, கதவு திறக்கவில்லை என்றால் மாமி தயங்க வேண்டியதில்லை. 108-க்கும் 112-க்கும் சொல்லிவிட்டு, அக்கம்பக்கத்தில் இரண்டு பேரைத் துணைக்கு வைத்துக்கொண்டு உடைக்கலாம். 'உடைத்துவிடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று நீங்கள் இப்போதே மாமியிடம் வாய்விட்டுச் சொல்லி வையுங்கள். அந்த ஒரு வார்த்தை இல்லாமல்தான் பல பேர் அடுத்தவர் கதவு முன்னால் ஒரு மணி நேரம் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார்கள்.

கேள்வி: பழைய வீடு. உள் அறைக் கதவுக்குக் கைப்பிடியோடு சேர்ந்த பூட்டு. பேரன் உள்ளே போய்ச் சாவியைத் திருப்பிவிட்டு ஜன்னல் வழியாக வெளியே வந்துவிட்டான்! சாவி உள்பக்கத் துவாரத்திலேயே இருக்கிறது. (வாசகர், திருவல்லிக்கேணி)

பதில்: ஒரு பழைய செய்தித்தாளை விரித்துக் கதவுக்கடியில் பாதிக்கு மேல் உள்ளே தள்ளுங்கள். துவாரம் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் வரை ஊடுருவி இருக்கிற பூட்டு என்றால், குடைக்கம்பி மாதிரி ஒன்றை விட்டுச் சாவியை மெதுவாகத் தள்ளினால் தாளின் மேல் விழும், தாளை இழுத்துக்கொள்ளுங்கள். சாவி சாய்ந்த நிலையில் நின்றிருந்தால் விழாது, முதலில் கம்பியால் அதை நேராக்க வேண்டும். அதற்கும் முன்னால் வீட்டில் உள்ள மற்ற அறைச் சாவிகள் எல்லாவற்றையும் பீரோவிலிருந்து எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், சாவியைத் தள்ளியதும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். இந்த வகைப் பூட்டுகளில் சாவி மாதிரிகள் ரொம்ப இல்லை, சமையலறைச் சாவி படுக்கையறையைத் திறப்பது சகஜம். பேரன் வந்த ஜன்னல் வழியாக அவனையே திரும்ப அனுப்பலாமே என்று கேட்பீர்கள், தரைத்தளம் என்றால் அனுப்புங்கள், மாடி என்றால் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: தாத்தா காலத்து திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டு ஸ்டோர் ரூமில் தொங்குகிறது. சாவி தொலைந்து வருஷமாகிறது. அறுத்துவிடலாமா? (வாசகி, புரசைவாக்கம்)

பதில்: ஐயோ, அறுக்காதீர்கள் அம்மா! திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, கையால் செய்கிற ஆட்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். பூட்டை விட்டுவிட்டுக் கொண்டியை அறுங்கள். பூட்டு மாட்டியிருக்கிற அந்த வளையமோ நாதாங்கியோ கடைத்தெருவில் சல்லிசாகக் கிடைக்கும், ஆக்சா பிளேடுக்கு ஐந்து நிமிட வேலை. இன்னும் நல்லது, நாதாங்கியின் திருகுகள் வெளியே தெரிந்தால் கழற்றியே எடுத்துவிடலாம். பூட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வயதான பூட்டு ரிப்பேர்காரர் ஒருவரிடம் போங்கள், உள்ளே உள்ள லீவர்களைப் பார்த்துச் சாவி அடித்துத் தருவார். தேங்காய் எண்ணெய் மட்டும் விடாதீர்கள், நாளானால் பிசினாகித் தூசியைப் பிடிக்கும். தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு, ஒரு ராத்திரி ஊற விடுங்கள்.

பெசன்ட் நகர், திருவொற்றியூர் பக்கம் கடலோரமாக இருக்கிறவர்கள் இதைச் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள். உப்புக் காற்றில் இரும்புப் பூட்டு நிற்காது, பித்தளை உடம்பும் எவர்சில்வர் வளையமும் உள்ளதாக வாங்குங்கள். சிலிண்டர் பூட்டு வறண்டு கரகரத்தால் 6பி பென்சில் முனையைச் சாவிப் பல்லில் நன்றாகத் தேய்த்துப் போட்டு எடுத்தால் வழுவழுப்பாகிவிடும்.

கேள்வி: மழைக்காலத்தில் எங்கள் மரக்கதவு பூட்டைத் திறந்த பிறகும் திறப்பதில்லை. (வாசகர், முடிச்சூர்)

பதில்: அது பூட்டின் குற்றம் இல்லை, ஈரம் குடித்து மரம் உப்பியிருக்கிறது. சாவியைப் போட்டு முறுக்காதீர்கள், அது உடைந்து வேறு வேலை வைக்கும். பூட்டைத் திறந்த நிலையிலேயே வைத்துக்கொண்டு, எந்த மூலை பிடிக்கிறதோ அங்கே முழங்காலால் தள்ளுங்கள், பெரும்பாலும் அடிமூலைதான். திறந்ததும் உரசுகிற விளிம்பில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிடுங்கள். ஐப்பசி கார்த்திகையில் கார்பென்டரைக் கூப்பிட்டு இழைக்கச் சொல்லாதீர்கள், வெயில் வந்ததும் மரம் சுருங்கி இடுக்கு விழும், நாக்கு கூட்டில் சரியாக மாட்டாது. பங்குனி வரை பொறுங்கள். அப்போதும் பிடித்தால் இழைத்து, கீழ்விளிம்புக்கும் சேர்த்து பெயின்ட் அடியுங்கள், எல்லாரும் விட்டுவிடுகிற இடம் அதுதான், தண்ணீர் ஏறுவதும் அங்கிருந்துதான்.

கேள்வி: நெட்டில் தேடிக் கூப்பிட்ட ஒருவர் வந்தார், பூட்டைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் டிரில்லை எடுத்தார், போனில் சொன்ன தொகையைப் போல மூன்று மடங்கு கேட்டார். நல்ல ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது? (வாசகி, குரோம்பேட்டை)

பதில்: கதவு பூட்டிக்கொள்வதற்கு முன்பே கண்டுபிடித்து வைக்க வேண்டும், அதுதான் பதில். எந்தப் பேட்டையிலும் மார்க்கெட் ஓரத்தில், பிளாட்பாரத்தில் பெரிய சாவி படம் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் ஒருவர் இருப்பார். அவரிடம் ஒரு மாற்றுச் சாவி வெட்டக் கொடுங்கள், வேலையைப் பாருங்கள், நம்பரை வாங்கி வீட்டில் எல்லார் போனிலும் போட்டு வையுங்கள். வருஷக்கணக்காக ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பவர் அந்த இடத்தின் பெயரைக் கெடுத்துக்கொள்ள மாட்டார்.

போனில் பேசும்போது பூட்டு எந்த வகை, கதவு சாத்திக்கொண்டதா பூட்டியதா என்று சொல்லி, வருகிற கூலி, திறக்கிற கூலி, ராத்திரி என்றால் கூடுதல் எவ்வளவு என்று மொத்தமாகப் பேசிவிடுங்கள். டிரில் போடாமல் திறக்க முடியுமா என்று கேளுங்கள். வெறுமனே சாத்திக்கொண்ட நைட் லாட்சுக்கு டிரில் தேவைப்படுவது அபூர்வம். வந்தவர் உங்களிடம் ஆதார் அட்டை, கரன்ட் பில் என்று ஏதாவது அடையாளம் கேட்டால் கோபப்படாதீர்கள், எதுவுமே கேட்காமல் திறந்துவிடுகிறவரைக் கண்டுதான் பயப்பட வேண்டும்.

மாற்றுச் சாவி வெட்டும்போது எப்போதும் ஒரிஜினல் சாவியைக் கொடுங்கள், நகலுக்கு நகல் எடுத்தால் பிசகு கூடிக்கொண்டே போகும். வெட்டி வந்த சாவியை அன்றைக்கே, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு போட்டுப் பாருங்கள். குழி குழியாக இருக்கிற கம்ப்யூட்டர் சாவி என்றால் அதற்கு மெஷின் இருக்கிற கடையாகப் பார்த்துப் போங்கள். தயவுசெய்து சாவியின் படத்தை வாட்ஸப் குரூப்பில் போட்டு 'இது யாருடையது' என்று கேட்காதீர்கள், தெளிவான படம் இருந்தால் அதை வைத்தே சாவி வெட்டிவிடலாம். மாற்றுச் சாவியைச் செருப்பு ஸ்டாண்டிலும், பால் பையிலும், மீட்டர் பெட்டிக்கு மேலேயும் வைக்காதீர்கள், திருட வருகிறவன் முதலில் தேடுவது அங்கேதான்.

கேள்வி: வாடகை வீடு. பூட்டு ரிப்பேரானால் செலவு யாருடையது? வீட்டு ஓனர் தானும் ஒரு சாவி வைத்துக்கொள்வேன் என்கிறார். (வாசகர், பெரம்பூர்)

பதில்: பூட்டு, கைப்பிடி மாதிரிச் சின்னச் சின்ன மாற்றங்கள் பொதுவாக வாடகைக்கு இருப்பவர் தலையில்தான் வரும், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் அதன்படி. ஓனர் சாவி வைத்துக்கொண்டாலும் நினைத்த நேரத்துக்கு உள்ளே வர முடியாது. தமிழ்நாட்டில் 2019 முதல் நடைமுறையில் உள்ள 2017-ம் ஆண்டு வாடகைச் சட்டப்படி 24 மணி நேரம் முன்னால் சொல்லிவிட்டுத்தான் வர வேண்டும். வாடகைத் தகராறில் ஓனர் தானாகவே கதவில் வேறு பூட்டைப் போட்டுவிட்டால் நீங்கள் அதை உடைக்கப் போகாதீர்கள், படம் எடுத்து வைத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுங்கள், வாடகை அதிகாரியிடமும் போகலாம். நீங்கள் சொந்தச் செலவில் பூட்டை மாற்றினால் பழையதைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள், காலி செய்யும்போது திரும்ப மாட்டிக் கொடுத்துவிடலாம்.

கேள்வி: டிஜிட்டல் லாக் போட்டிருக்கிறோம். வெள்ளம் வந்து நாள்கணக்கில் கரன்ட் இல்லையென்றால் உள்ளே போக முடியுமா? (வாசகி, பெரும்பாக்கம்)

பதில்: 2015 டிசம்பரையும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்த நாட்களையும் பார்த்தவர்களுக்கு இந்தப் பயம் இருக்கத்தான் செய்யும். வீடுகளில் போடும் டிஜிட்டல் லாக்குகள் பெரும்பாலும் பென்சில் செல்லில் ஓடுபவை, வீட்டுக் கரன்டோடு சம்பந்தமில்லை. செல் தீர்ந்துபோனால்தான் சிக்கல். பல மாடல்களில் வெளிப்பக்கம் கீழே இரண்டு உலோகப் புள்ளிகள் இருக்கும், சதுரமான 9 வோல்ட் பேட்டரியை அதில் வைத்துப் பிடித்துக்கொண்டே நம்பரை அழுத்தினால் திறக்கும், சிலவற்றில் பவர் பேங்க் ஒயர் சொருகும் இடம் இருக்கும். உங்களுடையதில் எது என்று இன்றைக்கே பாருங்கள். கூடவே கொடுத்த இரும்புச் சாவியை வீட்டுக்குள் பீரோவில் வைத்திருந்தால் அதனால் ஒரு பயனும் இல்லை, ஆபீஸ் டிராயரிலோ உறவினர் வீட்டிலோ இருக்கட்டும். போன் ஆப்பை மட்டும் நம்பியிருக்க வேண்டாம், அந்த மாதிரி நாட்களில் முதலில் தீர்வது போன் சார்ஜ்தான். ஐப்பசி பிறந்ததும் புது ஆல்கலைன் செல் மாற்றிவிடுங்கள்.

கேள்வி: துணி எடுக்கப் பால்கனிக்குப் போனேன், ஸ்லைடிங் கதவு தானாக மாட்டிக்கொண்டது. ஏழாவது மாடி. பக்கத்து ஃபிளாட் பால்கனிக்குத் தாண்டிவிடலாம் என்றுகூட யோசித்தேன். (வாசகர், பெருங்குடி)

பதில்: யோசித்ததோடு நிறுத்தினீர்களே, நல்ல வேலை. எந்தக் காரணத்துக்காகவும் தாண்டாதீர்கள், ஈரக் கைப்பிடிச் சுவரில் கால் வைக்கிற ஒரு நொடிக்கு எந்தக் கதவும் ஈடில்லை. கீழே இருக்கிற வாட்ச்மேனையோ துணி தேய்க்கிறவரையோ கூப்பிடுங்கள், சத்தம் கேட்கவில்லையென்றால் வெளிர் நிறத் துணி ஒன்றைக் கம்பியில் கட்டி ஆட்டுங்கள், காயப்போட்ட கிளிப்புகளைக் கீழே போடலாம், ஆட்கள் தலைமேல் விழாமல் பார்த்து. அலுமினிய ஸ்லைடிங் கதவாக இருந்தால் ஒரு முயற்சி செய்யலாம். இரண்டு உள்ளங்கைகளையும் கண்ணாடிச் சட்டத்தில் ஊன்றி, மேலே தூக்கியபடியே பக்கவாட்டில் குலுக்குங்கள், பழைய கதவுகளில் கொக்கி தளர்ந்து விடுபடும். யுபிவிசி கதவுகளில் இது பெரும்பாலும் நடக்காது. கண்ணாடியை உடைப்பது கடைசி வழி, வெயிலில் மயக்கம் வருகிற நிலைமை என்றால் மட்டும், துணியைக் கையில் நன்றாகச் சுற்றிக்கொண்டு, பூந்தொட்டியால் மூலையில் அடித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு. முதலில் ஆளைக் கூப்பிட்டு, மாற்றுச் சாவி உள்ளவர் மெயின் டோர் வழியாக வரும்வரை நிழலில் உட்கார்ந்திருப்பதுதான் நான் சொல்கிற வழி. அந்தத் தானியங்கிக் கொக்கியை மட்டும் அடுத்த முறை சர்வீஸுக்கு ஆள் வரும்போது கழற்றிவிட்டு, கையால் திருப்பினால் மட்டும் பூட்டுகிற, இரண்டு பக்கமும் கைப்பிடி உள்ளதாக மாற்றித் தரச் சொல்லுங்கள்.